அம்மாவின் கல்யாணப் பத்திரிகை

2025 ஜூன் 14, சனி

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். தங்கை மகள் ரூபினி நிரஞ்சனைத்தான் கட்டுவாள் என்றேன். அவன் வீட்டார் ஜொகூர் பாருவில் கடைகள் வைத்திருக்கும் செட்டியார் குடும்பம், நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள் என்றேன். பத்திரிகை விஷயத்தில்தான் வந்து முட்டும் என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இன்று முட்டியது.

நிரஞ்சனின் அம்மா நாச்சம்மை ஆச்சி போனில் யாரிடமோ, "தோட்டத்துல கூலி வேலை பாத்த ஆளுங்க, பத்திரிகையப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும், நாமளே அடிச்சிருவோம்" என்றாராம். ரூபினி காதில் விழுந்துவிட்டது. "பொண்ணு வீட்டுப் பத்திரிகை எங்க மாமா பொறுப்பு ஆன்ட்டி" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"கடனும் வாங்க மாட்டேன் மாமா. அவங்க முன்னால தலையும் குனிய மாட்டேன்."

என் தங்கை கிருஷ்ணம்மா, புருஷன் போனபின் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. அந்த வீட்டுக்குள் அவள் நிமிர்ந்துதான் நுழைய வேண்டும். அச்சுத் தொழில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றேன். நான் ஓட்டியது தொழிற்சாலை பஸ். ஆனால் அச்சகத்து ஆட்களையும் ஏற்றி இறக்கியிருக்கிறேனே.

ஜூன் 22

ரூபினி லேப்டாப்பில் வரைந்தாள். தந்த நிற அட்டை, ஓரத்தில் இழை போல ஒரு அரக்குக் கோடு, நடுவில் பெயர்கள்.

"சாமி படம்? தங்க எழுத்து? பட்டம் வாங்குன டத்தோ யாராவது ஒருத்தர் பேரு?"

"அதெல்லாம் இல்லாததுதான் மாமா அழகு."

செலவும் குறைவு என்று அவள் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டேன். உலு திராமில் சீனர் கடையில் கடைசியாகக் கிடந்த அட்டைக் கட்டுகளைப் பேரம் பேசி வாங்கினேன். இப்படிப் பேரம் பேசும் ஆளைப் பார்த்ததே இல்லை என்றார் கடைக்காரர். அப்படித்தான் சொல்லியிருப்பார், சீன மொழியில் ஏதோ சொன்னார்.

என் வீட்டு மிஷினிலேயே அச்சடித்தோம். மை தீரும் நேரத்தில் வேலையும் முடிந்தது. நானே சொல்லக்கூடாது, கல்யாணக் கடைக்காரன் வெட்கப்பட வேண்டும்.

ஜூலை 5

பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக விரலால் தொட்டால் எப்போது முடிப்பது? மஞ்சளைத் தண்ணீராகக் கரைத்துக் கட்டுக்கட்டாக மூலைகளை முக்கினேன்.

வீட்டு மிஷின் மை தண்ணீர் தாங்காதாம். எனக்கு யார் சொன்னார்கள்? கோடு கரைந்து மஞ்சளோடு ஓடிவிட்டது. எல்லாக் கட்டிலும்.

அட்டை இல்லை. கடையிலும் இல்லை. கிருஷ்ணம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 6

மூலை மட்டும் அழுக்காக இருந்தால்தானே கேள்வி? நாலு பக்கமும் கரை முழுக்கத் தோய்த்தேன். காய்ந்ததும் பட்டுப்புடவைக் கரை மாதிரி மஞ்சளும் செம்மையுமாக ஒரு நிறம். நடுவில் பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரூபினி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெட்டுப்போனதுன்னு தெரியல. ஆனா அவங்க கேட்டா?"

"மாமா இருக்கேன்ல?"

ஜூலை 13

ஆச்சி வீடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, கரையெல்லாம் மஞ்சளா இருக்கு?"

ரூபினி என் முழங்கையைப் பிடித்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"எங்க வழக்கம் ஆச்சி. மூலைய மட்டும் தொட மாட்டோம், கரை முழுக்கத் தோய்ப்போம். எங்கம்மா கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான். பெக்கோக் தோட்டத்துல பெரியப்பா வீட்டுப் பெட்டியில இன்னும் பத்திரமா இருக்கு."

பெட்டி என்று ஏன் சொன்னேன்? பத்திரிகையோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு லட்சணமா இருக்கு. நமக்கு இது தெரியலையே" என்று மகனிடம் சொன்னார். திரும்பி வரும்போது ரூபினி காரில் பாடிக்கொண்டே வந்தாள். வெற்றி.

ஜூலை 20

வெற்றி இல்லை. ஆச்சி போன் செய்தார். அவருடைய மாமியாரின் கல்யாணப் பத்திரிகை, காரைக்குடியில் அச்சடித்தது, வீட்டில் இருக்கிறதாம்.

"ரெண்டு வீட்டுப் பழைய பத்திரிகையையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டப வாசல்ல வைப்போம்ணே. உங்கம்மாவோடத எடுத்துட்டு வந்துருங்க."

கிருஷ்ணம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எந்தப் பத்திரிகைண்ணே? எந்தப் பெட்டி?"

அவளுக்கு என்ன தெரியும்? அப்பா அம்மா கல்யாணத்தின்போது அவள் பிறக்கவே இல்லை. நானும் பிறக்கவில்லைதான். இருந்தாலும் நான் மூத்தவன்.

ஜூலை 21

பெக்கோக்கில் எங்களுக்குப் பெட்டியும் இல்லை, பெட்டி வைக்க வீடும் இல்லை.

ஜூலை 27

ஒரு வெள்ளைத் தாளைப் பால் ஊற்றாத தே ஓ தேநீரில் ஊறவைத்துக் குளியலறைக் கொடியில் காயப் போட்டு, புது மை ஊற்றி மிஷினில் அப்பா அம்மா பெயரை அடித்தேன். போலி என்று சொல்ல முடியாது. நகல்.

கிருஷ்ணம்மா எடுத்துப் பார்த்தாள். "ஏண்ணே, அப்பவே தோட்டத்துல கம்ப்யூட்டர் எழுத்து வந்துருச்சா?"

நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"கண்டுபிடிச்சா, பொய்க்காரங்க வீட்டுப் பொண்ணுன்னு காலம் பூரா அவதான் கேட்டுக்கிட்டு இருக்கணும். நீங்க இல்ல."

கிழித்துப் போட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உண்மையைச் சொன்னால் ரூபினி தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால் கொண்டுபோய் வைக்க ஒன்றும் இல்லை. யார் கேட்டார்கள் அந்தப் பெட்டியை? வாயா இது.

ஆகஸ்ட் 3

சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒத்திகை. ஆச்சி காப்பி கொடுத்தார். செய்து வைத்திருந்த சட்டத்தைக் காட்டினார். தேக்கு.

"ஆச்சி, அந்தப் பத்திரிகை..."

"சொல்லுங்கண்ணே."

"போய்ப் பாத்தேன். வெள்ளத்துல பெட்டியோட போயிருச்சாம்."

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சட்டத்தையே தடவிக்கொண்டிருந்தார். "அப்ப இதக் காலியாவே வைப்போம்ணே. போனதுக்கும் ஒரு மரியாதை வேணும்ல."

காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 31

கல்யாணம் முடிந்தது.

வாசலில் இரண்டு சட்டங்கள். ஒன்றில் காரைக்குடிப் பத்திரிகை. இன்னொன்று காலி, மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. காலியாக இருந்ததால் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். ஆச்சி என்னைப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். நான்தான் தாய்மாமன். கெட்டிமேளம் கேட்டபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை.

பிறகு பெக்கோக்கிலிருந்து வீரமுத்து வந்தார். தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து வீடு, எண்பதுக்கு மேல் ஆகிறது. தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆச்சி அவரிடமும் விவரம் சொன்னார். காலிச் சட்டத்தைக் கூர்ந்து பார்த்தார் கிழவர்.

"மஞ்சக் கரை போட்ட பத்திரிகைதானே? நல்லா ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுக்கும் வந்துச்சு."

ஆச்சி என்னைப் பெருமையாகப் பார்த்தார். இனி நானே மறுத்தாலும் எடுபடாது.

செப்டம்பர் 14

ரூபினியும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். ஆச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் 'எங்க மருமக வீட்டு வழக்கம்' என்கிறாராம். நிரஞ்சனின் தங்கை யுவனேஸ்வரிக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கும் மஞ்சள் கரைதான், தோய்ப்பது என் கையால்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். நல்லது. அந்த வீட்டில் ரூபினி நிமிர்ந்துதான் நடக்கிறாள்.

தேக்குச் சட்டத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

"பாட்டி பத்திரிகையில என்ன எழுதியிருந்துச்சு மாமா? சொல்லுங்க, அப்படியே அடிச்சு இதுல போடுறேன்."

அடுப்படியில் கிருஷ்ணம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"நீங்க யோசிப்பீங்களா மாமா?" என்று சிரித்தாள்.

சட்டம் மேசைமேல் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்பே சொன்னவன், இதற்கு என்ன சொல்ல? தோட்டம் உண்மை. வெள்ளம் வந்ததும் உண்மை. அப்பா சாயங்காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு லயமாகப் போய், "வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாணம், வந்துருங்க" என்று வாயால் சொன்னாராம். அவ்வளவுதான் அழைப்பு. சட்டத்தில் போட இந்த ஒரு வரிதான் இருக்கிறது. பத்திரிகை நான் கட்டிய கதை.