மகள் என்று எழுதாமல் விட்டது

அக்டோபர் 14, செவ்வாய்

திரைக்கதை முடிந்தது. பின்லாந்தின் இந்த வடக்கு ஊர் ஒவுலுவில் காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து சேறு. இல்போ போனில் சொன்னான்: "படிச்சிட்டேன். ஹாபலாவா நீதான் நடிக்கணும். வேற எவளும் வேண்டாம்." அவன் இயக்குநர், என் பழைய நண்பன், முகத்துக்காகப் பேசுகிறவன் இல்லை. நாடகத்தை விட்ட பிறகு என்னை யாரும் நடிக்கக் கூப்பிட்டதில்லை.

படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொண்டே வயதாகிப்போகிற ஹாபலா வேறு யார், நான்தானே. ஹெல்சிங்கியில் நாடக வேலை வந்தபோது அம்மாவிடம் கேட்டேன், "நான் போகட்டுமாம்மா?" அன்றைக்கு அவளால் பேச முடியும். பேசவில்லை. நான் போகவில்லை. அந்தக் கேள்வியை கேமரா முன்னால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படத்தையே எழுதினேன்.

நவம்பர் 3, திங்கள்

தயாரிப்பாளர் சினிக்கா நாளைக்குக் காபிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இந்த ஊரில் காபிக்குக் கூப்பிட்டால் ஒன்று கல்யாணம், இல்லை இழவு.

நவம்பர் 4, செவ்வாய்

இழவுதான்.

இல்போவும் வந்திருந்தான். மேசையில் லவங்கப்பட்டை போட்ட பன் வாங்கி வைத்திருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஹாபலாவா நம்ம பெரிய நடிகர் கிம்மோ பண்றார். கையெழுத்து போட்டாச்சு," என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

"ஹாபலா பொம்பளை, சினிக்கா."

"எந்தப் பக்கத்துல அப்படி இருக்கு? காட்டுங்க."

புரட்டினேன். திரும்பவும் புரட்டினேன். எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ஹேன். நான் வைத்திருந்ததோ வெறும் குடும்பப் பெயர். மற்ற இடங்களில் 'பிள்ளை' என்று எழுதியிருக்கிறேன். மகள் என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதும்போது தோன்றவே இல்லையே — அது நான்தானே, நான் பெண் என்று எனக்கே எழுதிக் காட்டவா வேண்டும்?

"ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். அதான் இதுல அழகு," என்றாள் சினிக்கா.

இல்போ பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "நீயாவது சொல்லேன்டா," என்றேன்.

"அவர் பேர் இல்லேன்னா பணம் வராது, படமே இல்ல, ஓர்வொக்கி."

நவம்பர் 5, புதன்

பாவி. பாவி. இல்போவைத் திட்டுகிறேனா, என்னையா?

நவம்பர் 23, ஞாயிறு

இல்போ வந்தான். சால்மன் சூப் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லை.

"அம்மா வேஷம் பண்றியா? வசனம் கிடையாது. படுத்திருந்தா போதும்."

"பொணமா நடிக்கச் சொல்றே."

"பொணம் இல்ல. மூச்சு விட்டுக்கலாம்."

சிரித்துத் தொலைத்தேன். ஒப்புக்கொள்ளவும் செய்தேன். வேறு எவளோ அம்மாவாகப் படுத்துக் கிடப்பதை நின்று பார்க்க என்னால் முடியாது.

ஜனவரி 22, வியாழன்

இன்று அந்தக் காட்சி. என்னைக் கிழவியாக்க மேக்கப்காரிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அதுவும் ஒரு அவமானம்.

டேக்குக்கு முன்னால் கிம்மோ கட்டிலோரம் குனிந்து கேட்டான். "இதை எப்படிச் சொல்லணும் ஓர்வொக்கி? கெஞ்சற மாதிரியா?"

"கெஞ்சாதீங்க. கடைக்குப் போறேன்னு சொல்வோமில்ல, அப்படி."

அப்படியே சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போகட்டுமாம்மா?" நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

தாய் பதில் சொல்ல மாட்டாள் என்று எழுதியிருக்கிறேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்து எழுதிய வரி அது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவன் கை சூடாக இருந்தது. பதில் சொன்னால் கையை எடுத்துவிடுவான். எடுத்துவிடக் கூடாதே என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

அம்மா, இதுதானா?

இல்போ கட் சொன்னான். கிம்மோ கையை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனான்.