யாவ்ஜினெக் ஊருக்கு ஒரு விண்ணப்பம்

13 மார்ச் 2007
கத்தார், ராஸ் லஃபான். காலையிலிருந்து மணல் காற்று. எங்கள் வெல்டிங்கைச் சோதிக்கும் போலந்துக்காரர் லெஷெக் இன்று என் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாலகுரு, என் ஊருக்கு வர்றியா?" என்றார். அவருடைய தம்பி முறைக்காரர் அங்கே பாய்லர் பட்டறை வைத்திருக்கிறாராம். வெல்டர்கள் எல்லாம் அயர்லாந்துக்குப் போய்விட்டார்களாம். "என் மகனும்தான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

20 மார்ச்
ஊர் பெயர் யாவ்ஜினெக். நாலாயிரம் பேர். நடுவில் சதுரமாக ஒரு கடைவீதி, அதன் மத்தியில் மணிக்கூண்டு வைத்த நகர மன்றம், பின்னால் ஆறு. இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவர் அட்டையில் வரைந்து காட்டியது. 1945 வரை அது ஜெர்மன்காரர்கள் ஊர். போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்தது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கிழக்கே வீடு இழந்த போலந்துக்காரர்களை ரயிலில் ஏற்றி வந்து குடிவைத்தார்கள். லெஷெக்கின் அம்மா உள்ளே நுழைந்தபோது அலமாரியில் யாருடைய சாப்பாட்டுத் தட்டுகளோ அப்படியே இருந்தனவாம். ஜெர்மன்காரர்கள் திரும்ப வந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் அந்தம்மா கொண்டுவந்த பெட்டியை இருபத்தைந்து வருஷம் பிரிக்கவேயில்லை. தெருச் சாக்கடை மூடிகளில் இன்றைக்கும் ஜெர்மன் எழுத்துதான் இருக்கிறதாம்.

ஊரே வெளியூர்க்காரர்கள்! எனக்கு ஏனோ அந்த ஊர் பிடித்துவிட்டது.

30 மார்ச், வெள்ளி
ஊருக்கு, மனைவி ஜோதிமணிக்கு போன். போலந்து என்றதும், "அங்கயும் நீங்க மட்டுந்தானா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சிக்கிட்டுப் பேசுங்க."

சரிதான். கத்தாருக்கு வந்து பதினோரு வருஷம். மகள் அகிலாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து அவளோடு நான் இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தால், எட்டு மாதம்.

6 ஏப்ரல்
விண்ணப்பம் எழுதினேன். அறைத்தோழன் வைரவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். "குடும்பம் இல்லன்னு போடுடா. பேச்சிலர்னாத்தான் எடுப்பான். லீவும் வேணாம்னு எழுது, சந்தோசப்படுவான்." இங்கே எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவோம். பழகிய கை. யோசிக்காமல் எழுதிவிட்டது.

24 ஏப்ரல்
லெஷெக் பதிலோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பட்டறைக்காரர் எழுதியிருக்கிறாராம்: 'குடும்பம் இல்லாதவன் ஒரு வருஷத்தில் அயர்லாந்துக்கு ஓடிவிடுவான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோய் மூடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்து தங்குகிற ஆள் இருந்தால் அனுப்பு.' லெஷெக் என் பர்ஸில் இருக்கும் போட்டோவைப் பார்த்தவர். "உனக்கு மகள் இருக்காளே, ஏன் இல்லைன்னு எழுதினே?" என்றார்.

இங்கே இதுதான் வழக்கம் என்று சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

25 ஏப்ரல்
வைரவன்மேல் கோபம் வருகிறது. அவன் என்ன செய்வான் பாவம். பேனா பிடிச்சது நான்தானே?

27 ஏப்ரல், வெள்ளி
மறைக்க மனம் வரவில்லை. ஜோதியிடம் சொன்னேன்.

"எங்கள இல்லைன்னே எழுதிட்டீங்களா?" என்றாள். வேலைக்காகத்தான் என்றேன். "சம்பளக் காயிதத்துல நாங்க இல்ல, உங்க ரூம்ல இல்ல, இப்ப நீங்களே எழுதியும் குடுத்தாச்சு." வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

1 மே
புதுக் காகிதம். மனைவி ஜோதிமணி. மகள் அகிலா, வயது ஒன்பது, நாலாம் வகுப்பு. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லெஷெக் வாங்கிக்கொண்டு, "அங்கே பிள்ளைகளுக்கு ரெண்டு ஜோடி வேணும். பனிக்கு ஒரு பூட்ஸ், வகுப்புக்குள்ளே போட்டுக்க இன்னொண்ணு. மகளுக்கு என்ன சைஸ்?" என்று கேட்டார்.

தெரியாது. தெரியவே தெரியாது.

11 மே
இந்த முறை ஜோதி போனை எடுத்தாள். இரண்டு பேர் பெயரையும் போட்டு மறுபடி எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அகிலாவின் கால் அளவு வேண்டும், காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்து அனுப்பு என்றேன். ஊரிலிருந்து செருப்புக்கு அளவு வாங்குவது அப்படித்தானே. "நீயும் வருவியா?" என்றும் கேட்டேன். "அளவு அனுப்புறேன். வேற எதுவும் கேக்காதீங்க."

22 மே
பட்டறைக்காரர் சம்மதித்துவிட்டார். முதலில் நான் போக வேண்டும், பிறகு குடும்பத்துக்கு விசாக் காகிதம் போடலாமாம். இங்கே கம்பெனியில் ராஜினாமா கொடுத்தால் இரண்டு வருஷத்துக்குக் கத்தாருக்குத் திரும்ப வர முடியாது. ஜோதி வரவில்லை என்றால் நான் போலந்துக்குப் போகப்போவதில்லை. ஒற்றை ஆளாக இன்னொரு தேசம் எதற்கு? நேராக ஊருக்குத்தான். அங்கே என்ன வேலை கிடைக்குமோ. ராஜினாமாக் கடிதம் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

8 ஜூன், வெள்ளி
லீவு முடிந்து வந்த எங்கள் ஊர்க்காரர் பத்மநாபன், ஜோதி கொடுத்த கவரைக் கொண்டுவந்தார். கடிதம் எதுவும் இல்லை. கோடு போட்ட நோட்டுக் காகிதம் இரண்டு. ஒன்றில் சின்னப் பாதம், அதற்குள் அகிலா தன் பெயரை எழுதியிருக்கிறாள்.

இன்னொன்று பெரிய பாதம். பெயர் இல்லை. இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம், அது ஜோதியின் கால். அளவு தப்பிவிடக் கூடாது என்று பென்சிலால் இரண்டு முறை வரைந்திருக்கிறாள்.