கடைக்காலில் கிடைத்த பித்தளை

3-3-1968
எங்கள் புதுவீட்டுக்காக நெமிலிச்சேரி மனையில் கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டியில் ஏதோ ணங்கென்று பட்டதாம். சாயங்காலம் இவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். களிம்பேறிய பித்தளை. ஒரு பக்கம் சின்னக் கிண்ணம், மறுபக்கம் குழல், விரல் நீளம்தான்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கார்னெட் வாத்தியத்தின் ஊதுவாய். யுத்தகாலத்தில் அங்கே பட்டாளம் இருந்தது. எந்தச் சிப்பாய் தொலைத்தானோ. பேண்டு செட்டில் வாசிக்கும் என் அண்ணன் கிறிஸ்துதாஸுடையதை எத்தனை தடவை புளிபோட்டுத் துலக்கியிருக்கிறேன்.

வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பேச்சை எடுத்தாலே இவர் முகம் சுருங்கிவிடும்.

4-3
"ஏதோ மிஷின் நாசில், தெரசா," என்கிறார். ஆவடி பாக்டரியில் பிட்டர் அல்லவா, ஐயாவுக்கு உலகமே மிஷின்தான். காலிப்பர் வைத்து அளந்தார்.

9-3
அதைப் புனலாக வைத்து ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். பாதி தரையில். திட்டித் தீர்த்தேன். அப்புறம் தனியாக அழுதேன்.

எங்கள் குழந்தை அருள்செல்வியின் ஞானஸ்நான விருந்தில், "சாவுக்கு ஊதுறவன்தானே நீ," என்று நாலு பேர் முன்னால் இவர் சொன்னார். இலையை விட்டு எழுந்துபோன அண்ணன் பூந்தமல்லியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா அம்மாவும் காலமாகிவிட்டார்கள். சாமியார் வந்து புதுவீட்டை மந்திரிக்கும் நாளில் எனக்குத் தாய்வீட்டுச் சீர் யார் கொண்டுவருவது? அண்ணன் வராத வீட்டில் எப்படிக் கால் வைப்பேன்?

17-3
அடுப்பைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "எங்க அண்ணன் கீதே, அதாண்ட இந்தப் பித்தளையக் காட்டுங்களேன்."

"அவன் இன்னா இஞ்சினீயரா?"

தொலைந்தது என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால் மாடத்தில் வைத்திருந்த ஊதுவாயைக் காணோம்.

24-3
அண்ணன் வந்தான். வாசலிலேயே என் தலையில் குட்டினான்.

"உன் ஊட்டுக்காரரு என் கதவாண்ட நின்னுகினு இன்னா சொன்னாரு தெரியுமா? 'மச்சான், கார்னெட்டு வாய் ஒண்ணு கெடச்சிது, உனக்கு ஆவுமா பாரு. அன்னிக்குப் பேசுனத மனசுல வச்சிக்காதே'ன்னாரு."

கார்னெட்டு வாயா? அப்போ நாசில்? காலிப்பர்? மண்ணெண்ணெய்?

திரும்பிப் பார்த்தேன். ஐயா மும்முரமாக அருள்செல்விக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். அவளுக்கு இருப்பதே நாலு முடி.

12-5
வீடு மந்திரிப்பு. அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான். சாமியார் போனதும் அந்த வாயைப் பொருத்தி ஊதினான். "இன்னொரு தபா மச்சான்," என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனசு நிறைந்துவிட்டது.

இப்போது கிணற்றடியில் உட்கார்ந்து புளிபோட்டு அதைத் துலக்குகிறார். நான் உதவிக்குப் போகவில்லை.