முதலில் என் பை

கட்டுநாயக்க,
9.3.1982

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

பெற்றீசியாவின் தோத்திரம். உங்கள் முழங்கால் வலி எப்படி? பிள்ளை சூசைக்கு இருமல் விட்டதா? பூண்டுலோயாவில் மழை என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து அதே நினைப்பு. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதீர்கள். இந்தக் கார்மென்ட் தொழிற்சாலையில் என்னைக் காவல் பிரிவுக்கு மனேஜராக்கிவிட்டார்கள்.

வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பது எங்கள் பிரிவுதான். தேயிலை ஸ்டோர் வாசலில் நீங்கள் தினமும் சேலையை உதறிக் காட்டியதும், துரைமார் சோதனையில்லாமல் சும்மா நடந்துபோனதும் எனக்கு மறக்கவில்லை. அதனால் முதல் நாளே, "மொதல்ல என் பையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே சூசையின் சட்டை இருந்ததை மறந்தே போனேன். பிள்ளை இல்லை என்று சொல்லித்தானே இந்த வேலையில் சேர்ந்தேன்! சோதிக்கும் சோமலதா அதை விரித்தாள். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எத்தனை வயசு, மிஸ்?"

"ரெண்டு."

சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல சொல்லல" என்றாள், மெதுவாக.

ஒரு வருஷமாக இதே வாசலில் என் பக்கத்தில் நின்று சோதித்தவள், அம்மா! இப்போது வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். இன்னும் எத்தனை பேரோ? ஆபீசுக்கு யாரும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

தபால்காரர் வந்துவிட்டார். அடுத்த பொதியில் சூசையின் சட்டை ஒன்று வையுங்கள். தேயிலைத்தூளோடு சேர்க்காமல் தனியாகச் சுற்றுங்கள், வாசம் மாறிவிடும். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
பெற்றீசியா