துணைக்கு யார்?

ராபர்ட்சன்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கோமதி எழுதுகிறேன், நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதில் கன்னம் வீங்கி, பேச வரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா!

என் வேலைதான் தெரியுமே. டாக்டர் சொல்வதும் எழுதித் தருவதும் நோயாளிகளுக்கு எவ்வளவு புரிகிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டு மார்க் போட வேண்டும். பல் பிடுங்கியதும் என் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும்; படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போல, சீட்டு முழுக்கக் கன்னடம். வாயில் பஞ்சு, கேட்கவும் முடியவில்லை.

காலையில் நான் கேள்வி கேட்டு மார்க் போட்ட லவினா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கே பக்கத்தில் கோரமண்டல் என்ற சுரங்கக் குடியிருப்புக்காரர், பேசுவது தமிழ், படித்தது கன்னடப் பள்ளியில்.

"இன்னாம்மா, கூட யாரும் வரலியா? இங்க குடு" என்று வாங்கிப் படித்தார். "எச்சி துப்பாத. சூடா எதுவும் குடிக்காத. இன்னிக்கி ராத்திரி யாரையாச்சும் கூட இருக்கச் சொல்லு."

கடைசி வரி சீட்டில் இருந்ததா, அவராகச் சேர்த்தாரா, தெரியவில்லை.

'படித்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?' என்பதும் என் கேள்விகளில் ஒன்று. தினமும் எல்லோரிடமும் கேட்கிறேன்.

கஞ்சி மாவு அனுப்புங்கள். இங்கே குளிர், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள். கூரியர் கடையை மூடப்போகிறார்கள், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். என்னால் பேச முடியாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சமையுங்கள்.

உங்கள் மகள்,
கோமதி