நாம் இரண்டு பேர் மட்டும்

வேளச்சேரி, சென்னை
14-6-2025

அன்புள்ள அம்மா,

போன வாரச் சண்டையில் யார் முதலில் போனை வைத்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீதான் என்று நான் நினைக்கிறேன். நான்தான் என்று நீ நினைப்பாய். முக்கியமான விஷயமென்றால் கடிதத்தில் மட்டும் பேசிக்கொள்வது என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாடு இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

ஆகஸ்டில் உனக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் பார்சல் அனுப்பினாய். நீ மட்டும் ராமேஸ்வரத்தைத் தாண்டவில்லை. அதனால் ஒரு கப்பல் பயணம் பார்த்து வைத்திருக்கிறேன். சென்னையில் ஏறினால் விசாகப்பட்டினம், புதுச்சேரி, திரும்பவும் சென்னை. மூன்று ராத்திரி.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் நீயும் நானும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை. நீ இங்கே வர மாட்டாய், நான் அங்கே வந்தால் சாயந்திரமே திரும்பிவிடுவேன். கப்பலில் யாராலும் பாதியில் எழுந்து போக முடியாது. வா அம்மா.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், முத்துப்பாண்டியும் நலம்.

உன்
ஸ்ரீ


மீனாட்சி துணை
முனிச்சாலை, மதுரை - 625009
20-6-2025

ஸ்ரீலட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். தபால் ஆபீஸ்காரி பெண், கவரில் பின்கோடு எழுதவில்லை. பழைய ஆட்கள் என் பெயரைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கப்பல் என்றதும் முதலில் சிரித்தேன். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் நாம். பக்கத்து வீட்டுச் சோணையம்மாளிடம் சொன்னேன். "கப்பல்லயா போறீக? தண்ணிக்குள்ள எம்புட்டு நாளு இருப்பீக அக்கா?" என்றாள். நாலு நாள் என்றதும், "அம்புட்டு நாளா! ரெண்டு வாளி புளியோதரையாச்சும் கிண்டிக்கிட்டுப் போங்க" என்று அவளே புளி ஊறவைக்கக் கிளம்பிவிட்டாள்.

வருகிறேன். ஒரே நிபந்தனை. நாம் இரண்டு பேர் மட்டும்.

காரணம் உனக்குத் தெரியும். என்றாலும் எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் கத்துவேன். உன் அப்பா போனபிறகு உன்னை ஒற்றை ஆளாக வளர்த்தேன். உன் கல்யாணச் செய்தி எனக்கு ஸ்பீட் போஸ்டில் வந்தது, அதுவும் என் கவுண்டருக்கே. பக்கத்தில் நாலு பேர் நிற்க நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீ கட்டிக்கொண்டது யாரை என்பதற்காக முதல் ஆறு மாதம் கோபப்பட்டேன், அதை மறைக்கவில்லை. அதற்கப்புறம் இருந்த கோபமெல்லாம் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

கப்பலில் காபி எப்படி இருக்கும்?

அம்மா


வேளச்சேரி, சென்னை - 600042
2-7-2025

அன்புள்ள அம்மா,

பின்கோடு போட்டுவிட்டேன், பார்த்தாயா?

சரி, நாம் இரண்டு பேர் மட்டும். ஆகஸ்ட் பதினைந்து மதியம் ஏற வேண்டும். புளியோதரை வாளியை உள்ளே விட மாட்டார்கள், சோணையம்மாளைச் சமாதானப்படுத்து. காபி சுமார்தான் என்கிறார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள். நல்ல புடவையாக நாலு எடுத்துக்கொள்.

அந்த ஸ்பீட் போஸ்ட். வீட்டுக்கு அனுப்பினால் நீ பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவாய் என்று பயந்தேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை. தப்புதான் அம்மா.

ஸ்ரீ


வேளச்சேரி, சென்னை - 600042
24-8-2025

அன்புள்ள அம்மா,

ஊர் போய்ச் சேர்ந்து, காலை நீட்டி, உன் காபியை நீயே போட்டுக் குடித்திருப்பாய். எனக்கு இன்னும் தரை ஆடுகிறது.

இத்தனை சந்தோஷமாக இருப்போம் என்று நான் நினைக்கவில்லை. நீ டெக்கில் புடவையைச் செருகிக்கொண்டு அந்த வங்காளத்து அம்மாளோடு கோலாட்டம் ஆடியதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். நான் தலைசுற்றிப் படுத்த அன்று நீ நார்த்தங்காய் கொடுத்திருக்காவிட்டால் எழுந்தே இருந்திருக்க மாட்டேன். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேளையும் நாலு வாய் சாப்பிடுவதற்குள் "போதும், ரூமுக்குப் போவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாயே, ஏன்? அந்த ஜிலேபியை நான் இரண்டாவது முறை வாங்கவே இல்லை.

இனிமேல் எழுதப்போவதற்கு நீ என்னைத் திட்டலாம்.

முத்துப்பாண்டியும் அந்தக் கப்பலில் இருந்தார். ஏழாவது மாடியில், தனி அறையில். வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு நாள் போனால் உன் மனசு இளகியிருக்கும், மூன்றாம் நாள் சாயந்திரம் அழைத்துவந்து உன் முன்னால் நிறுத்திவிடலாம் என்று திட்டம். ஆனால் நீ அத்தனை சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பை என் கையாலேயே நிறுத்திவிடுவேனோ என்று பயந்து விட்டுவிட்டேன். நான்கு நாளும் அவர் உன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார்.

நீ நிபந்தனை போட்டாய், நான் மீறினேன். இரண்டாவது முறையாக உன்னிடம் மறைத்திருக்கிறேன். இனி என்னோடு பேச மாட்டாய் என்றாலும் நான் ஏன் என்று கேட்க முடியாது. ஆனால் பேசு அம்மா.

ஸ்ரீ


மீனாட்சி துணை
முனிச்சாலை, மதுரை - 625009
30-8-2025

சௌபாக்கியவதி ஸ்ரீலட்சுமிக்கு,

அடி அசடே, எனக்குத் தெரியும்.

கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூட்டி உயிர்காக்கும் சட்டையை மாட்டிக் காட்டினார்களே, அங்கேயே பார்த்துவிட்டேன். ஒரு மனிதர் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார். ஆறடி ஆளுக்கு அரையடித் தூண். எப்படி அடையாளம் தெரிந்தது என்கிறாயா? உன் ஸ்பீட் போஸ்டில் கல்யாணப் போட்டோ வைத்திருந்தாயே. பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை.

முதல் நாள் கோபம் பொங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்வாய், சொன்னதும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். மறுநாள் காலை அவர் தோசைக்கு வரிசையில் நின்றார். என்னைக் கண்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மத்தியானமும் அதே கதை. எனக்குப் பொறுக்கவில்லை. நாம் அங்கே உட்கார்ந்திருக்கும் வரை அந்த மனுஷன் சாப்பிடப்போவதில்லை. அதனால்தான் உன்னை அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு போனேன். உன் ஜிலேபி போனது அவர் சாப்பாட்டுக்காக.

நார்த்தங்காயும் என்னுடையதில்லை. நீ படுத்த அன்று சாயந்திரம் எலுமிச்சம்பழம் தேடி மேலே போய், கடைக்காரனிடம் பாஷை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன டப்பா.

"வச்சுக்கிருங்கம்மா. உப்புப் போட்டுக் காயவச்ச நார்த்தங்கா. வாய்ல ஒதுக்கிக்கிட்டா வாந்தி நிக்கும்."

"எந்த ஊருப்பா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

"பேரையூருப் பக்கம்மா. எங்க அம்மா போட்டது."

கொடுத்துவிட்டுத் திரும்பினார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார். திரும்பி, நம் வீட்டுப் பாஷையில், "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். சௌராஷ்டிரக்காரர்களைத் தவிர வெளியே யாரும் பேசாத பாஷை. பேரையூர்க்காரர் அதை எங்கே படித்திருப்பார்? உச்சரிப்பு மகா மோசம். ஆனால் அந்தக் கேள்வியை அந்தப் பாஷையில் என்னிடம் யாரும் கேட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது. நீகூட இப்போது என்னிடம் தமிழில்தான் பேசுகிறாய். சாப்பிட்டாயிற்று என்று நானும் அதே பாஷையில் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து அழுதேன்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் உன்னிடம் இதுவரை மூச்சுவிடவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்தால் புரிகிறது. அடுத்தவர் செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிந்த ஆள். தபால் இலாகாவில் இருந்திருக்க வேண்டியவர்.

பின்னே ஏன் அங்கேயே பேசவில்லை என்பாய். மாப்பிள்ளையை முதன்முதலாக "வாங்க" என்று அழைப்பது ஊறுகாய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டா? அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆறு வருடம் வீம்பு பிடித்தவள், முறையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா. மகாளயம் முடியட்டும். அப்புறம் உங்கள் விலாசத்துக்கு ஒரு கவர் வரும். உன் பெயருக்கு இல்லை. நீ பிரிக்காதே.

அம்மா


மீனாட்சி துணை
முனிச்சாலை, மதுரை - 625009
26-9-2025

மாப்பிள்ளை முத்துப்பாண்டி அவர்களுக்கு,

அநேக ஆசீர்வாதம். வீட்டில் கொலு வைத்திருக்கிறேன். உங்கள் டப்பாவைக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது, நிரப்பிக்கொண்டு வருவேன்.

உங்களுக்குத் தலை தீபாவளி நடக்கவில்லை. அது என் குற்றம். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆறு வருடம் பிந்திப்போனாலும் தலை தீபாவளி தலை தீபாவளிதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், புது வேட்டி கட்ட வேண்டும், நான் போடுகிற இனிப்பையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட வேண்டும். சோணையம்மாள் இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சிலர் ஏதாவது பேசுவார்கள். பேசட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதத்தில் அழைத்தால் போதாது. பெண் வீட்டார் நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைப்பதுதான் முறை. வருகிற அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். இரண்டு நாள் உங்கள் வீட்டில் தங்குவேன். ஸ்ரீயை நிம்மதியாக ஜிலேபி சாப்பிடச் சொல்லுங்கள்.

எழும்பூர் ஸ்டேஷனில் தூண்கள் நிறைய உண்டு. தயவுசெய்து எதற்குப் பின்னாலும் நிற்காமல், நான் இறங்கியதும் தெரிகிற மாதிரி முன்னால் நிற்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
பத்மாசினி