கவிக்கு எந்தப் பள்ளிக்கூடம், சின்னம்மா?

அப்பாவின் கம்பெனிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன், சின்னம்மா. வாளியில் போடுவதற்குள் உன் வாசனை வந்துவிட்டது.

இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் இருக்க உங்கள் கம்பெனியில் ஓர் எண்ணெய் தடவுவார்களே, அந்த வாசனை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் உன் விரலிடுக்கை விட்டுப் போகாது. ஓசூரிலிருந்து நீ வந்து இறங்கி என் கன்னத்தைக் கிள்ளினால், அன்று முழுவதும் என் கன்னத்தில் அது இருக்கும். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இந்த வீட்டில் அந்த வாசனை இல்லாமல் இருந்தது. இப்போது அப்பாவும் ஓசூரில் அதே மாதிரி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதனால் தினமும் சட்டையோடு வருகிறது. அம்மா அந்தச் சட்டையை மட்டும் தொடுவதில்லை. நான்தான் துவைக்கிறேன்.

துவைக்கிற கல்லின் மேல் சட்டையை வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நாளை மாலைக்குள் பதில் வேண்டும்.

நாங்கள் ஊரை விட்டுப் போகப்போகிறோம். அதில் சந்தேகம் இல்லை. நம் ஊர்ப் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை, நான் பஸ் ஏறி வேப்பனப்பள்ளிக்குப் போய்விடுவேன். ஆனால் அப்பா முதல் ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது பேசத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆகவே போவது உறுதி. எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. என்னோடு படித்தவர்கள் எல்லாரும் எங்கேயோ சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் எந்தப் பள்ளியிலும் இல்லாத பெண்ணாக வீட்டில் இருக்கிறேன். அது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர், எல்லையைத் தாண்டிக் கர்நாடகாப் பக்கம் குடிவந்துவிடச் சொன்னார். வாடகை குறைவாம். ஆனால் அங்கே தங்கச்சி கவி கன்னடமும் படிக்க வேண்டும். தமிழே அவளுக்கு இன்னும் தடுமாறும்போது அது வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மிச்சம் இருப்பவை இரண்டு. இரண்டுமே நீயும் நானும் போய்ப் பார்த்தவை.

போன ஆடியில் உன் வார லீவு ஒரு வியாழக்கிழமை. வயிற்றுவலி என்று பொய் சொல்லி நான் பள்ளிக்கு மட்டம் போட்டது வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான். உன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து ஓசூர் முழுக்கச் சுற்றினேன். அடுத்த வருஷம் இடம் தேடும்போது திண்டாடக் கூடாது, இப்போதே பார்த்து வைப்போம் என்றாய். பள்ளிக்குள் என் அம்மாவாக நடிக்கப்போவதாக வாசலில் வைத்துத்தான் சொன்னாய்.

நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பள்ளி அது. மதில் நீளத்துக்கு முதல் மார்க் வாங்கியவர்களின் படங்கள். அலுவலக அறையில் இருந்த மேடம் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பதினைந்து வயதுப் பெண்ணா உங்களுக்கு என்று கேட்டார்.

"சின்ன வயசுலயே கட்டிக் குடுத்துட்டாங்க மேடம். அந்தக் கதையச் சொன்னா நீங்க அழுதுடுவீங்க" என்றாய். கல்யாணமே ஆகாத நீ, கண்ணைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல், மேசை மேல் இருந்த புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் மார்க்கைக் கேட்டதும் மேடத்தின் முகம் மலர்ந்தது. பத்தாவதிலும் இப்படியே வாங்கினால் பிளஸ் ஒன்னுக்குக் கட்டணமே இல்லை என்றார். எனக்கு நூலகத்தைக் காட்டினார். சின்னம்மா, அந்த நூலகம்! கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் புத்தகங்கள். ஜன்னல் ஓரம் நீளமான மேசை. நான் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதைக்கூட அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் நீ, கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருவரின் நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாய். மேடத்துக்குப் புரியவில்லை. முதல் ரேங்க் பெண்ணின் நோட்டைக் கொண்டுவரச் செய்தார். அச்சடித்தது போல் இருந்தது. நல்லா இருக்குது மேடம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கவியைப் பற்றிச் சொன்னாய். இன்னொரு பெண் இருக்கிறாள், படிப்பதில் கொஞ்சம் மெதுவு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள் என்றாய். அவர் கோபப்படவில்லை. ஒரு தேர்வு வைத்துப் பார்ப்போம், அநேகமாக ஒரு வகுப்புக் கீழே போட வேண்டியிருக்கும் என்று நல்லவிதமாகவே சொன்னார்.

வெளியே கரும்புச் சாறு குடிக்கும்போது நான் நூலகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நீ உன் வேலையைப் பற்றிப் பேசினாய். வண்டிக்குப் போகிற வளையங்கள் தட்டில் அடுக்கி உன்னிடம் வரும். மேல் வரிசை எப்போதும் பளபளவென்று இருக்கும். அனுப்புகிறவர்களுக்கு அது தெரியும். அதனால் நீ மேலே இருப்பதை எடுக்கவே மாட்டாய். அடியில் கைவிட்டு இரண்டு மூன்றை உருவி அளந்து பார்த்த பிறகுதான் லாட்டை, அதாவது வந்த சரக்கு மொத்தத்தையும், பாஸ் பண்ணுவாய்.

"உனக்கு எந்தப் பள்ளிக்கூடம்னாலும் ஓடிடும் பாப்பா. நீ மேல இருக்கற பீஸு. உன்ன வச்சு லாட்ட பாஸ் பண்ணா என்னை வேலைய வுட்டே தூக்கிடுவாங்க. கவிய எங்க குந்த வைக்கறாங்கன்னு பாக்கணும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் மார்க் அவ்வளவு லேசாகப் போய்விட்டதே என்று வருத்தம். பாதிச் சாற்றை அப்படியே வைத்துவிட்டேன். நீ அதையும் எடுத்துக் குடித்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாய்.

பிறகு போனது உன் தெருவுக்குப் பின்னால் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதினால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். நூலகம் என்பது ஒரு பீரோ. அதுவும் பூட்டியிருந்தது. நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, நீ தாழ்வாரத்தைக் காட்டினாய். பாய் விரித்துச் சில பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கவியைவிடப் பெரியவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். எல்லார் கையிலும் ஒன்றாம் வகுப்பு அட்டை. வாசிக்கத் தடுமாறுகிறவர்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம் இப்படி, பிறகு அவரவர் வகுப்புக்கே போய்விடுவார்களாம். ஒரு டீச்சர் நடுவில் கீழேயே உட்கார்ந்திருந்தார்.

குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, சுவரில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னாய். அவள் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, தண்ணீர் வழிவதைக்கூடக் கவனிக்காமல் படித்து முடித்தாள். டீச்சர் அங்கிருந்தே பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. உனக்குப் பிடித்துவிட்டது என்று உன் முகத்திலேயே தெரிந்தது. சரி என்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு பீஸ பாத்து லாட்ட பாஸ் பண்ண முடியாது. இன்னொரு லீவுல வருவோம்" என்றாய். ஸ்கூட்டியில் ஏறின பிறகு, முகத்தைத் திருப்பாமலே, நாங்கள் உன் தெருவுக்கு வர வேண்டும் என்று உனக்கு ஆசைதான், அந்த ஆசையைக் கணக்கில் சேர்க்காதே என்றும் சொன்னாய்.

இன்னொரு லீவு வரவில்லை.

தனியார் பள்ளிக்குப் பக்கத்தில் அப்பா ஒரு வீடு பார்த்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் மனது அந்தப் பக்கம்தான். பெரியவளுக்குச் சும்மா கிடைக்கிறது, சின்னவள் ஒரு வருஷம் கீழே படித்தால் கெட்டிப்படுவாள் என்கிறார். இதைக் கவி கதவருகில் நின்று கேட்டுவிட்டாள். என்னிடம் வந்து, கீழ் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் தன்னை அக்கா என்று கூப்பிடுவார்களா, பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று கேட்டாள்.

அதனால் வெள்ளிக்கிழமை, அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்பதால், அவரை நச்சரித்து உன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளிக்குப் போனேன். கவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்துவிட்டார்கள். பீரோ அதே பூட்டோடு அங்கேயே இருக்கிறது. சாவி தன்னிடம்தான் இருக்கிறது, வேண்டும் என்றால் வந்து கேள் என்று ஒரு டீச்சர் சொன்னார். வாய்ப்பேச்சுக்குச் சொன்னாரா, உண்மையாகவே தருவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தாழ்வாரத்தில் அதே பாய். கவி தூண் ஓரமாக நின்றாள். பாயில் இருந்த ஒரு பெண் கொஞ்சம் நகர்ந்து, "இங்க குந்து" என்றாள். அவ்வளவுதான். இவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உனக்குத் தெரியுமே, நம் ஊர்ப் பள்ளியில் வாசிக்கிற முறை வந்தால் கவி ஒன்றுக்குப் போகணும் என்று கையைத் தூக்கிவிடுவாள். வகுப்பே அதற்குக் காத்திருந்து சிரிக்கும். வெள்ளிக்கிழமை முறை வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தேன். கை எழும்பவில்லை. அட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு படித்தாள். தப்பாகத்தான் படித்தாள். பக்கத்துப் பெண் அடுத்த அட்டையை அதைவிடத் தப்பாகப் படித்தாள். அப்பா நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டபோது, "இருப்பா" என்றாள்.

அன்று வரும் வழியில் நீ குடியிருந்த மாடியைப் பார்த்தேன். உன் கொடியில் யாரோ ஒரு குழந்தையின் கவுன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மாவிடம் பாயைப் பற்றி மட்டும் சொன்னேன். கவுன்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தத் தெருவுல என்னாலே எப்டிடீ நடக்க முடியும்? மாடியில வேற யாரோ துணி காயப்போட்டிருப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு நான் காய் வாங்கப் போவணுமா?"

நேற்று முழுவதும் கவிக்காக அம்மாவை அழவைப்பதா, அம்மாவுக்காகக் கவியைக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். அந்தக் கண்ணாடிக் கதவு நூலகத்தில் நான் முடிவு செய்துவைத்த நாற்காலியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் கேட்க வந்தேன்.

இவ்வளவு எழுதியபோது அம்மா கூப்பிட்டாள். ஒரு சட்டையைத் துவைக்க எவ்வளவு நேரம் என்றாள். நான் நோட்டை மூடிவிட்டுப் போவதற்குள், கல்லின் மேல் இருந்த சட்டையை அவளே எடுத்துவிட்டாள். உடனே தண்ணீரில் நனைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்து காலருக்குச் சோப்புப் போட ஆரம்பித்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாத்தான் போவணுமா?"

"பின்னாடி ஒரு கேட்டு இருக்குதும்மா. ரயில்வே லைன் பக்கமா வரலாம். அந்தப் பக்கமும் வீடுங்க இருக்குது. மார்க்கெட்டுக்குத்தான் கொஞ்சம் சுத்து."

அம்மா சட்டையைக் கும்மிக்கொண்டே இருந்தாள். நுரை வழிந்து அவள் காலருகே வந்தது.

"சுத்துனா சுத்தட்டும். உங்கப்பாவ அந்தப் பக்கம் வீடு பாக்கச் சொல்லு."

அம்மா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன்; கவி பாயை விட்டு எழ மறுத்ததை அவரும் பார்த்தவர்தானே. இப்போது வெளியே நின்று வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல அவருக்கு எப்போதும் நேரமாகும். கவி தன் பையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். சட்டை கொடியில் தொங்குகிறது. அம்மா எவ்வளவு கும்மியும் வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

சந்தையில் தக்காளி வாங்கினாலும் என் கை இப்போது அடியில்தான் போகிறது. கடைக்காரர்கள் திட்டுகிறார்கள். நீ விட்டுப்போன பழக்கம், விட முடியவில்லை. குழாயடியில் படித்துக் காட்டிய பெண் ஒரு பீஸ்தான், அதை வைத்துச் சொல்ல முடியாது என்றாய். இரண்டாவது பீஸைப் பார்த்துவிட்டேன், சின்னம்மா, அது கவி. மூன்றாவது பீஸ் நான். மேலேயிருந்து எடுத்ததுதான், ஆனாலும் என்னையும் பார்க்க வேண்டும் இல்லையா? சேர்ந்த அன்றே போய் அந்த பீரோவின் சாவியைக் கேட்பேன்.